ஏழை செட்டு

1. முதல் நாள் வாங்கிய ஏச்சு

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் எங்கள் கடை இருக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி, கிறிஸ்துமஸ் நாடகம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளுக்கு உடுப்பு வாடகைக்கு விடுகிற கடை. இங்கே சேருவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்துக்கொண்டிருந்தேன். மருந்து வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்ததால் அதை விட்டுவிட்டு இங்கே வந்தேன். துவைப்பது, இஸ்திரி போடுவது, விழா நடக்கிற இடத்துக்குப் பெட்டியோடு போய்ப் பிள்ளைகளுக்கு உடுத்திவிடுவது, திரும்ப எண்ணி எடுத்து வருவது. இதுதான் என் வேலை. இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்.

ஒரு பிள்ளைக்குத் தலை முதல் கால் வரை வேண்டியதை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்போம். அதற்குச் செட்டு என்று பெயர். ராஜா செட்டு, ராணி செட்டு, முருகர் செட்டு, தேவதை செட்டு, போலீஸ் செட்டு, விவசாயி செட்டு. அதிலே ஏழை செட்டு என்றும் ஒன்று உண்டு. முதல் நாள் எனக்கு அது தெரியாது.

அன்றைக்கு ஒரு குவியல் அழுக்குத் துணியைக் காட்டி, துவைத்து வையுங்கள் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சிதான் முதலாளி. என்னைவிட வயதில் சின்னவர், எல்லாரையும்போல நானும் அண்ணாச்சி என்றே சொல்வேன். குவியலில் ஒரு மூட்டை முழுக்கக் கிழிசலாக இருந்தது. சட்டையில் முதுகு கிழிந்திருந்தது, பாவாடையில் ஓரமெல்லாம் நார் நாராகத் தொங்கியது. பிள்ளைகள் ஆட்டத்தில் கிழித்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். வந்த முதல் நாளே நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று ஆசை. கறை போகச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். கிழிசலை எல்லாம் ஊசி நூல் எடுத்துத் தைத்தேன். கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டு அடுக்கிவிட்டேன்.

அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? இது ஏழை செட்டுல்லா. கிழிசல்தான் இதுக்கு டிசைனு. இதத் தச்சு இஸ்திரியும் போட்டா எவன் வாடகைக்கு எடுப்பான்?" என்று ஏசினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கவர்மெண்டால முடியாதத ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க. எங்கடையில ஒரு ஏழை கெடையாது இப்போ."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன் பிறகுதான் ஏழை செட்டுக்கு என்ன பக்குவம் என்று கற்றுக்கொடுத்தார். பழந்துணியில் தைக்கக் கூடாது, பிள்ளைக்கு அரிக்கும், தாய்மார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆகையால் புதுத் துணி எடுத்துத்தான் தைக்க வேண்டும். அதை டீத்தூள் கொதிக்க வைத்த தண்ணீரில் முக்க வேண்டும். கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு உதறினால் மண் போய்விடும், நிறம் நிற்கும். பிளேடால் கீறிவிட்டு ஓரத்து நூலை உருவிவிட வேண்டும். முழங்காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று ஒட்டுப் போட வேண்டும். ஒட்டு வேறு கலராக இருக்க வேண்டும், கடைசி வரிசையில் இருக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். இஸ்திரிப்பெட்டி அதன் பக்கமே போகக் கூடாது. ராஜா செட்டைவிட ஏழை செட்டுக்குத்தான் வேலை அதிகம்.

2. ஊக்கு

பெரியவர்களிடம் பேச எனக்கு வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். படித்தவர்கள் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் தெரியும். பிள்ளைகளிடம் அந்தக் கஷ்டம் இல்லை. டிரஸ் ஆச்சி, டிரஸ் ஆச்சி என்று வந்து மேலே விழுவார்கள்.

கடையில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உடுத்துவதற்கு முன்னால் பிள்ளையை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள். கிரீடத்தைக் கடைசியில் வையுங்கள், முதலில் வைத்தால் அழும். ஊக்குக் குத்தும்போது துணிக்கும் பிள்ளையின் மேலுக்கும் நடுவில் உங்கள் விரல் இருக்க வேண்டும். குத்தினால் உங்களைத்தான் குத்த வேண்டும். என் இடது கை விரல் நுனியைப் பார்த்தால் தெரியும், தோல் காய்ந்து தடித்துப் போயிருக்கிறது.

இந்த மூன்றும் போதும் என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். நாலாவது ஒன்று இருக்கிறது என்று ஒரு கச்சேரியில்தான் தெரிந்தது.

3. டிக்கெட் இல்லாத கச்சேரி

கழுகுமலைக்குப் போகிற பக்கம் ஒரு கிராமத்துக்குள்ளே பட்டாசு ஷெட்டு ஒன்று தீப்பிடித்து, வேலைக்குப் போன சிலர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு உதவி செய்ய வேண்டும் என்று ஊரில் ஒரு சங்கத்தார் பிள்ளைகள் கச்சேரி ஒன்று வைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் நடந்தது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். வாசலில் பெரிய நீல டிரம் வைத்திருந்தார்கள். அரிசி, பருப்பு கொண்டுவந்தவர்கள் அதில் கொட்டிவிட்டு உள்ளே போனார்கள். துணிக்குத் தனிப் பெட்டி. பணத்துக்குப் பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி. வெளியூரில் இருக்கிறவர்களும் பார்க்கட்டும் என்று செல்போனில் நேரடியாகப் போகும்படி கேமரா வைத்திருந்தார்கள்.

சங்கத்துச் செயலாளர் சார் துணிக்கடை வைத்திருப்பவர். அவரைப் பற்றிக் கெட்டதாக எழுத வேண்டும் என்று எனக்கு இல்லை. அந்த வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி நன்கொடை கேட்டவர் அவர்தான். இறந்துபோனவர்கள் வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்தவரும் அவர்தான். அரிசி மூட்டை எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. அதோடு ஒரு பெரிய மனிதர் தையல் மெஷின் ஒன்று கொடுத்திருந்தார். ஒன்றே ஒன்றுதான். கலர்ப் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டி மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கீபோர்டு ஒருவர் வாசிக்க, பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். கடைசிக்கு முந்தின பாட்டு பசியைப் பற்றியது. அதற்குப் பாடுகிறவர்கள் ஒரு பக்கம் நிற்க, நடுவில் சில பிள்ளைகள் ஏழை செட்டுப் போட்டுக்கொண்டு கையேந்தி நிற்பார்கள். அதற்காகத்தான் எங்கள் கடைக்கு ஆர்டர். மண்டபத்தில் மணமகள் அறையைத்தான் மேக்கப் ரூமாக்கியிருந்தார்கள். பெட்டியை அங்கே இறக்கிவிட்டு நான் உடுத்திக்கொண்டிருந்தேன். கன்னத்தில் கரி பூசும்போது ஒரு பையன் கேட்டான், "ஆச்சி, ஏழைன்னா மூஞ்சி கழுவ மாட்டாங்களா?" ஆடாமல் நில்லுடா என்று சொல்லிவிட்டேன்.

4. மயில் கழுத்துக் கலர்

அந்தக் குடும்பங்களை வேனில் கூட்டிவந்து அதே அறையில்தான் உட்கார வைத்தார்கள். வந்தவர்களில் சண்முகக்கனி என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். புருஷன் அந்த ஷெட்டில் இறந்துபோனான். எட்டு ஒன்பது வயதில் ஒரு மகள், தர்ஷினி என்று பெயர்.

அந்தப் பிள்ளை ஒரு கவுன் போட்டிருந்தாள். மயில் கழுத்துக் கலர், அடியில் மஞ்சள் கரை. எங்கள் கடையில் வந்துபோகாத துணி இல்லை, ஆனாலும் அதைப் பார்த்ததும் என் கை தானாகப் போய்த் தொட்டது. இடுப்புச் சுருக்கு எல்லாம் ஒரே அளவாக விழுந்திருந்தது. துணியிலேயே உருட்டிச் செய்த பித்தான். விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளேயும் வெளியே மாதிரியே சுத்தமாக இருந்தது.

"எங்க எடுத்தது?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"எடுக்கல, எங்கம்மா தச்சது. எங்கம்மா சேல" என்றாள். அந்தப் பெருமையை நான் எழுதிக் காட்ட முடியாது.

கனி அதற்குள் என் பெட்டி பக்கம் வந்து ராணி செட்டின் உள் மடிப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள பிசிறு அடிக்காம விட்டிருக்காவளே ஆச்சி, பிள்ளைகளுக்கு உறுத்தாதா?" என்றாள். பிறகு தானே சொல்லத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரியின் மெஷினை அவள் தைக்காத நேரம் பார்த்துக் கேட்டு வாங்கித்தான் தைக்கிறாளாம். செயலாளர் சார் வீட்டுக்கு வந்து பார்த்தபோதே சொல்லியிருக்கிறார், இத்தனை பேரில் தையல் தெரிந்தவள் நீ ஒருத்திதான், மெஷின் உனக்குத்தான் என்று. மெஷின் மட்டும் வந்துவிட்டால் பட்டாசு பக்கமே போக வேண்டாம், பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தே பிழைத்துக்கொள்வேன் என்றாள். சொல்லிக்கொண்டே மேடை ஓரத்துக்குப் போய், கலர்ப் பேப்பரைக் கொஞ்சம் விலக்கி, மெஷின் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கால் மெஷின்தான். அதான் நல்லது. எங்க ஊர்ல கரண்டு எங்க நிக்கிது" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியவர்களை எல்லாம் முன்வரிசையில் உட்காரச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகளை மட்டும் அறையில் விட்டார்கள். மேடைக்குக் கூப்பிடும்போது தாயும் பிள்ளையும் ஒன்றாக ஏற வேண்டும் என்று ஏற்பாடு.

அதன் பிறகு செயலாளர் சார் அறைக்குள் வந்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாரும் தீபாவளிக்கு எடுத்ததைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். மேடையேறப் போகிறோம் என்றால் யார்தான் நல்லதைப் போட மாட்டார்கள்?

"என்னம்மா இது, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரில்லா இருக்குதுக" என்றார் என்னிடம். "வெளிநாட்டுல இருந்தெல்லாம் பாத்துக்கிட்டு இருக்காங்க. பாக்குறவங்க மனசு எளகணும்லா. பசிப் பாட்டு முடிஞ்சதும் உங்க செட்டைக் கழத்தி இதுகளுக்கு மாட்டி விட்டுருங்க. பத்து நிமிஷம்தான்."

நான் கையிலிருந்த உடுப்பை மடித்துக்கொண்டே இருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவரே எங்கள் அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அண்ணாச்சி சொன்னார்: "மாட்டி விட்டுருங்கக்கா. நமக்கென்ன, வாடகை அவங்க குடுத்தாச்சு. நல்ல காரியத்துக்குத்தான கேக்காங்க." நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பசிப் பாட்டுக்குக் கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். பாட்டுக்கு நின்ற பிள்ளைகள் மேடையிலிருந்து ஓடிவந்தார்கள். அவர்கள் தாய்மார் அறைக்குள் வந்து அவசர அவசரமாக ஈரப் பேப்பரால் கரியைத் துடைத்தார்கள். ஒரு தாய், அலர்ஜி ஆகிவிடும் சீக்கிரம் கழற்றுங்கள் என்று என்னை விரட்டினாள். நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். துணியெல்லாம் வேர்வையில் சுடச்சுட இருந்தது.

அந்தச் சூட்டோடுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மாட்டினேன். ஒரு பையன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நின்றான். அவனுக்கு அது விளையாட்டு. தர்ஷினியின் முறை வந்தது. அவள் கவுனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சுவரோடு போய் நின்றாள்.

"நான் போட மாட்டேன் ஆச்சி. இதத்தான் எல்லாருக்கும் காமிக்கணும்னு அம்மா சொல்லியிருக்கா."

நான் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் செட்டு, வாயில் ஊக்கு. அந்தப் பிள்ளை சொன்னது நியாயம் என்று தோன்றியது. கவுனைக் கழற்றினால், தாய்க்குத் தையல் தெரியும் என்பதற்கு மேடையில் வேறு என்ன சாட்சி? மெஷின் அதற்காகத்தானே? எழுந்துபோய் அந்தச் செட்டைப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டியைப் பூட்டினேன். பூட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் சார் எட்டிப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு மாட்டலையா?"

"செட்டு கிழிஞ்சு போச்சு சார்" என்றேன். எனக்கு வாயில் வந்தது அதுதான்.

"கிழிஞ்ச செட்டு எப்படிம்மா கிழியும்?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதல் நாள் கடையில் சிரித்த மாதிரியே. நான் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தேன். மைக்கில் அவரைக் கூப்பிட்டதால் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மனதுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. வாழ்நாளில் படித்தவர் ஒருவர் சொன்னதற்கு மாட்டேன் என்று நான் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

5. மேடை

மேடையின் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு அரிசி மூட்டையைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கந்தல் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் தர்ஷினி மட்டும் மயில் கழுத்துக் கலரில் பளிச்சென்று நின்றாள். மெஷின் கொடுத்த பெரிய மனிதர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செயலாளர் சாரின் காதில் என்னவோ கேட்டார். சார் பதில் சொன்னார். பெரிய மனிதர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் கையைக் காட்டினார்.

மைக்கில், இப்போது தையல் இயந்திரம் வழங்கப்படும் என்றார்கள். கனி ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள். மைக்கில் வேறு பெயர் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே செட்டுப் போட்ட அந்தப் பையனின் தாயைக் கூப்பிட்டார்கள். கனி எடுத்துவைத்த எட்டைப் பின்னால் எடுத்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

மெஷின் வாங்கியவளும் இல்லாதவள்தான். அவளுக்குக் கிடைத்ததை நான் குற்றம் சொல்லவில்லை.

கூட்டம் கலைகிறபோது செயலாளர் சார் செட்டுகளைத் திருப்பித் தர வந்தார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "மெஷின் குடுத்தவரு கேக்காரும்மா, இவ்வளவு நல்லா உடுத்தியிருக்காங்க, இவங்களுக்கு எதுக்குன்னு. நான் என்ன சொல்ல? நீங்க அப்பமே மாட்டி விட்டிருந்தா ஒரு வில்லங்கமும் இல்ல."

அந்தக் கவுன் அவள் தைத்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேனுக்குப் போகிறதற்கு முன்னால் கனி அறைக்கு வந்தாள். மகளுடைய செருப்பு அறையில் கிடந்தது, அதை எடுக்க வந்தாள். விஷயத்தை அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். பெட்டி பக்கம் வந்து நின்றாள்.

"என் பிள்ளைக்கு மாட்டாம வச்சது நீங்கதானா ஆச்சி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பிள்ளை அழுதாள், அதனால்தான் என்றேன்.

"அவ பச்சப்பிள்ள, அழத்தான் செய்வா. நான் முன்னால பத்தடி தூரத்துலதான இருந்தேன். என்ட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மாட்டச் சொன்னவியளும் கேக்கல, மாட்டாதவியளும் கேக்கல. கேட்டிருந்தா அவளுக்கும் மாட்டி, எனக்கும் ஒண்ணு தாங்கன்னு வாங்கி உடுத்தியிருப்பேன். பத்து நிமிஷத்துக்கு வெக்கப்பட்டா பத்து வருஷம் பிழைக்கலாம். என் வெக்கத்த காப்பாத்த நீங்க ஆரு ஆச்சி?"

நான் பெட்டியின் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தர்ஷினி தாயின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னால்தான் இது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கவுனின் பித்தானைத் தானே கழற்றத் தொடங்கினாள்.

"ஆச்சி, நான் போட்டுக்கிடுதேன். இப்ப போட்டுக்கிடுதேன். பெட்டிய தொறங்க" என்றாள்.

கனி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எடுக்க வந்த செருப்பு அங்கேயே கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

6. ஒட்டு

அந்தக் கச்சேரி செல்போனில் ரொம்பப் பேருக்குப் போனது. அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் அதே மாதிரி வைக்க ஆரம்பித்தார்கள். எட்டயபுரம் பக்கமிருந்தும் ஓட்டப்பிடாரம் பக்கமிருந்தும் வந்து, பசிப் பாட்டுக்கு ஏழை செட்டு வேண்டும் என்று கேட்டார்கள். கடையில் இருந்தது பற்றவில்லை. அண்ணாச்சி புதிதாகத் தைக்கத் துணி எடுத்தார். யாரிடம் கொடுக்கலாம் என்று அவர் யோசித்தபோது நானாக வாயைத் திறந்து கனியின் பெயரைச் சொன்னேன். சரி, கொடுத்துப் பார்ப்போம் என்றார். அவள் கையிலேயே தருவதற்கு, செருப்போடு துணியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நான்தான் அவள் ஊருக்குப் போனேன். செருப்பு பிள்ளைக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. கனி பழையதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என்ன அளவு, எத்தனை நாளில் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பக்கத்து வீட்டு மெஷினில் தைத்து, ஒட்டுகளைக் கையால் போட்டு அனுப்பினாள்.

முதல் மூட்டையைப் பிரித்ததும் அண்ணாச்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னக்கா இது, ஒட்டுப் போட்டிருக்காளா, பூ வேலை பண்ணியிருக்காளா? மேடையில பாத்தா ஃபேஷன் டிரஸ்னுல்லா நெனைப்பாங்க. திருப்பி அனுப்புங்க."

திருப்பி அனுப்பினால் அவளுக்குக் கூலி தள்ளிப்போகும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த தடவை அவளிடம் சொன்னேன், தையலை அகல அகலமாகப் போடு தாயி, கோணலாகப் போடு என்று. முயற்சி செய்து பார்த்தாள். "கோணலா தைக்க கை வரமாட்டேங்கு ஆச்சி" என்று சொல்லிவிட்டாள்.

ஆகையால் இப்போது அதுவும் என் வேலையாகிவிட்டது. அவள் தைத்து அனுப்புகிற ஒட்டில் ஒரு தையல் விட்டு ஒரு தையலைப் பிரித்துவிட்டு, நூல் தொங்கும்படி விடுவேன். முதல் நாள் கிழிசலைத் தைத்ததற்கு ஏச்சு வாங்கினேன். இன்றைக்கு நல்ல தையலைப் பிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

கடையில் சேருகிற பெண்களுக்கு நாலாவதாக நான் சொல்வது இதுதான். எந்தச் செட்டாக இருந்தாலும் சரி, மாட்டுவதற்கு முன்னாலும் கேளுங்கள், மாட்டாமல் விடுவதற்கு முன்னாலும் கேளுங்கள். உடுத்துகிறவர்களிடம் கேளுங்கள். பிள்ளையாக இருந்தால் பெற்றவளிடமும் கேளுங்கள். நல்ல மனதோடு செய்கிறோம் என்பதால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். மேடையில் இருந்த அத்தனை பேரும் நல்ல மனதோடுதான் இருந்தார்கள், பெட்டி மேல் உட்கார்ந்திருந்த நானும்.

போன வாரம் கனி மூட்டையோடு கடைக்கே வந்திருந்தாள். பிரித்தேன். ஒரு பாவாடையில் முழங்கால் பக்கம் போட்டிருந்த ஒட்டு மயில் கழுத்துக் கலர். ஒட்டுக்கு வேறு கலர்த் துணி கடையில் கொடுப்பதில்லை, அவரவர் வீட்டில் கிடக்கும் துணியைத்தான் வெட்டிப் போட வேண்டும். பிள்ளை வளர்ந்துவிட்டாள், கவுன் பற்றவில்லை என்றாள். அந்த ஒட்டைச் சுற்றியும் அதே சின்னத் தையல், அரிசியை வரிசையாக அடுக்கின மாதிரி.

பிரிக்கட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"பிரிங்க ஆச்சி" என்றாள். "காசு போடுதவிய கண்ணுக்கு ஏழையா தெரியணும்லா."

சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தேன். துணிக்குள்ளே பிள்ளை யாரும் இல்லை. இருந்தாலும் பழக்கத்தில் விரலை அடியில் கொடுத்துக்கொண்டேதான் பிரித்தேன்.